உள் முகவரி

பகாவில், செம்பனை ஆலை எடைப்பாலத்தில்
பகலெல்லாம் லாரிகளை நிறுத்தி எடை போடுகிறேன்.
குலையோடு ஓர் எண், இறக்கியபின் ஓர் எண்,
கழித்தால் மிஞ்சுவதுதான் தோட்டம்.
இரவில் நான் ஓர் உலகத்தின் சொந்தக்காரி.

உலகம் இருப்பது
தையல் மிஷினுக்கு அடியில்.
ஆபீசில் கழித்துப்போட்ட கணினி, எண்பது வெள்ளி.
பக்கப் பலகையைக் கழற்றி
மேசை விசிறியைத் திருப்பி வைத்திருக்கிறேன்.
அந்தச் சூட்டில் ஒரு பல்லி முட்டையிட்டிருக்கிறது.

முதலில் யாராலும் உள்ளே வர முடியவில்லை.
இந்த வரிசையில் பதினான்கு வீட்டுக்கும் சேர்த்து
வெளியே ஒரே முகவரியாம்.
வந்து தட்டுகிறவனுக்கு
எந்தக் கதவென்று தெரியாதாம்.
லயத்து வீட்டில் பிறந்தவளுக்கு
இதைச் சொல்லவா வேண்டும்?
நாலு தடவை போன் போட்டேன்.
"பிஸ்னசுக்கா, காக்?" என்றான் கவுண்டர் பையன்.
"பிள்ளைங்க விளையாட" என்றேன்.
எனக்குப் பிள்ளைகள் இல்லை.

தனி முகவரி கிடைத்ததும்
ரூட்டரில் ஒரே ஒரு சன்னலைத் திறந்தேன்.
மற்ற அறுபத்தையாயிரத்துச் சொச்சமும்
சாத்தியே கிடக்கின்றன.

வந்தார்கள்.
தஞ்சோங் காராங் ஹஃபிசுல், கோதுமை மட்டும் நடுவான்.
ஜொகூர் சியூ லிங், நர்ஸ்,
வேலை முடிந்து வந்து தண்ணீருக்கடியில் வீடு கட்டுவாள்.
ஹாஸ்டல் ரொகிபுல்,
எங்கள் எஸ்டேட்டிலேயே குலை வெட்டுகிறவன்;
பகலில் அவன் வெட்டியதை எடை போடுகிறேன்,
இரவில் அவன் வெட்டும் மரங்களை
நான் எண்ணுவதேயில்லை.

வீட்டுக்காரர் குணாளனுக்கும் எனக்கும்
பேச்சு நின்று பதினோரு நாள்.
பந்தாட்டம், எண்பத்தெட்டாம் நிமிடம்,
திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது.
கோல் விழுந்ததை
அடுத்த வீட்டுக் கூச்சலில்தான் கேட்டார்.
"எவனோ விளையாட என் வீட்டு லைனா?"
கரண்டு பில்லை எடுத்துக் காட்டி
பாதி என் சம்பளம் என்றேன்.
அதிலிருந்து சோறு மேசைமேல்,
லாரிச் சாவி ஆணிமேல்,
பேச்சு எதன்மேலும் இல்லை.

நாலாம் நாள் புதிதாய் ஒருவன். பெயர் தவளை88.
யாரோடும் பேசமாட்டான்.
நேரே கீழே இறங்கித் தோண்டுவான்,
ஒரே கோடாய், பத்துக் கட்டைக்கு ஒரு விளக்கு வைத்து.
அந்த ஒழுங்கைப் பார்த்து எனக்குச் சந்தேகம்.
கெடுக்க வந்தவனோ என்று
யார் எங்கிருந்து வருகிறார்கள்
என்ற பதிவேட்டைத் திறந்தேன்.

எல்லோருக்கும் தூரத்து எண்கள்.
இவனுக்கு
192.168.1.7.
எந்த ஊரிலும் இல்லாத எண்,
ஒரு சுவருக்குள் மட்டும் செல்லுபடியாகிற எண்.
கணினியின் நெற்றியில்
நான் ஒட்டிவைத்த சீட்டைப் பார்த்திருக்கிறார்.

ஹாலில் சோபா கிரீச்சென்றது.

வெளியே தள்ள ஒரு வரி தட்டினால் போதும்.
தட்டவில்லை.
சுரங்கம் எங்கே போகிறதென்று பின்னாலேயே போனேன்.
நான் பாதியில் விட்ட வீட்டுக்குப் போகுமோ
என்றுகூட நினைத்தேன், வெட்கமில்லாமல்.
அப்படியெல்லாம் இல்லை.
கிழக்கே. வெறும் கிழக்கே.

இன்று பதினொன்றரைக்கு
கோலா பிலா பக்கம் மின்னியது.
போன வருஷ இடியில் எங்கள் மோடம் செத்தது.
இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் ஒன்று செத்திருக்கும்.
"மழை வருது, பத்திரமா நில்லுங்க,
பிளக்கப் பிடுங்கப் போறேன்" என்று மலாயில் போட்டேன்.
சியூ லிங் தண்ணீரைவிட்டு மேலே வந்தாள்.
ரொகிபுல் இரண்டு தடவை குதித்துவிட்டு மறைந்தான்.
ஹஃபிசுல், ஓகே பாஸ்.

கையில் வயர்.
திரையில் ஒரு வரி, தமிழில்,
தவளை88 ஏழு இரவில் பேசிய முதல் பேச்சு:
"இரு. சாமான பெட்டியில வச்சிடறேன்."

இரு என்கிறான், முன்பின் தெரியாதவன்.

சன்னல் வெளுத்தது. எண்ணினேன்.
கூரை அதிர ஏழு.
அடுத்ததற்கு ஐந்து.
வயரைப் பிடித்தபடி
ஹால் பக்கம் திரும்பாமல் நிற்கிறேன்.
உள்ளே ஒரு பெட்டி
திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது.
இன்னொரு மின்னல்.
ஒன்று.
இரண்டு.