ஒரு டிகிரி

நூற்று முப்பத்தெட்டில் கொதிக்கிறது பாரா சைலீன்,
நூற்று முப்பத்தொன்பதில் மெட்டா.
இந்த ஒரு டிகிரியோடு மல்லுக்கட்டத்தான்
ராணிப்பேட்டை சிப்காட்டில் எனக்குச் சம்பளம்.

அதே எட்டு கார்பன், அதே பத்து ஹைட்ரஜன்.
ஒருத்திக்கு இரண்டு கையும் நேரெதிரே,
ஒடுங்கி நுழைந்துவிடுவாள்.
மற்றவளுக்கு ஒரு கை வளைவு,
நெரிசலான வாலாஜா பஸ்ஸில்
டிபன் கேரியரோடு ஏறுகிறவள் மாதிரி.

காய்ச்சிப் பிரிக்கப் போனால்
நீராவிக் கணக்கிலேயே கம்பெனி மூழ்கும்.
அதனால் சவ்வு.
பென்சில் தடிமன் பீங்கான் குழாய்மேல்
நானும் தில்ஷாத்தும் வளர்த்த தோல்,
தலைமுடியொன்றை நூறாகக் கிழித்தால்
அதில் ஒரு கீற்று.

பதினோரு நாள் நின்றது.
பன்னிரண்டாம் நாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு
ஜிசி திரையில் மெட்டாவின் சிகரம்
சின்னதாய் எழுந்தது,
சாவு வீட்டில் யாரோ கனைத்ததுபோல.

தில்ஷாத் ஊசியை மாற்றினாள்.
ஓட்டத்தைக் குறைத்தாள்.
கம்ப்யூட்டரை விசாரத்து மொழியில் திட்டினாள்.
சிகரம் வளர்ந்தது.
ராத்திரி கரண்ட் போய் வந்த அந்தப் பத்து நிமிஷம்,
குழாய் குளிர்ந்து, சட்டென்று காய்ந்து
எங்கேயோ விட்டிருக்கிறது,
எங்கள் கண்ணுக்கு எட்டாத ஒரு கோடு.

"பதினோரு நாள் வரைக்கும் ரிப்போர்ட் போடும்மா,
வியாழக்கிழமை சென்னையிலிருந்து வர்றாங்க"
என்றார் போனில் கோதண்டம் சார்.
சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும்.
நோட்டில் பன்னிரண்டாம் நாளையும் எழுதினேன்
நீல மையில், நேரம் போட்டு.

கேட்டில் பையைக் கொட்டச் சொன்னார்கள்.
குடையைக்கூட விரித்து உதறினார் செக்யூரிட்டி.
கூந்தலில், குர்தாவின் கையில்
நான் வெளியே கொண்டுபோகிற தித்திப்பு வாசனையை
யாரும் தடுக்கவில்லை.
என் தோலுக்கு ஆள் பார்க்கத் தெரியாது.
பாரா வந்தாலும் மெட்டா வந்தாலும்
உள்ளே வா என்கிற வீடு அது.

பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது.
கீழே மணல், அதன்மேல் முட்செடி,
நடுவில் ஒரு முழத்துக்குத் தண்ணீர்.
பக்கத்து சீட்டுப் பெண்
மடியிலிருந்த முள்ளுக்கத்திரிக்காயை அணைத்துக்கொண்டு
ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள்.
"பெயிண்ட் கடையா வேலை?"
"அது மாதிரிதான்."

போன் அதிர்ந்தது. தில்ஷாத்.
"புதுக் குழாயை அடுப்பில் வச்சுட்டேன்.
இந்தத் தடவை மெதுவா,
நிமிஷத்துக்கு ஒரே டிகிரி."

ஜெனரேட்டரில் டீசல் இருக்கா
என்று கேட்டு அனுப்பினேன்.