பதினாலு மில்லி

முதலில் மரத்தது கட்டைவிரல்.
அப்புறம் ஆள்காட்டி விரல்.
திருகாணி பிடிக்கிற ரெண்டும்.

வில்லாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம்.
சாரத்தின் மேல் அண்ணாந்தபடி நான்,
கீழே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு
மொக்கராசு கத்துகிறான்:
"என்னண்ணே, ஆணி மழை பேயுது!"
நானும் சிரித்தேன்.
நழுவியதே தெரியவில்லை என்று சொல்லவில்லை.

பத்தொன்பது வருசம் அண்ணாந்தே பிழைத்தவன்.
இந்த ஊரில் அண்ணாந்து பார்ப்பதென்றால் கோபுரம்.
எனக்கு ஜிப்சம் பலகை.
கண்ணில் விழும் வெள்ளைத் தூள்,
வாய் ஓரத்தில் கவ்விய நாலு ஆணி.
குடிவந்த பிறகு ஒருவரும்
நிமிர்ந்து பார்க்காத ஒன்றை
ஒட்டு தெரியாமல் முடித்துக் கொடுப்பேன்.

மாசியில் டீ கிளாசின் சூடு தெரியாமல் போனது.
பங்குனியில் தோளிலிருந்து முழங்கைக்கு
கரண்டு இறங்கியது.
சுளுக்கு என்றார்கள்.
அவனியாபுரத்தில் ஒருவர் எண்ணெய் போட்டு
தலையைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார்.
அன்றைக்கு ராத்திரி
சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டுவர
இடதுகையைத் துணைக்குக் கூப்பிட்டேன்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் நஸ்ரின்
ஸ்கேன் படத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார்.
"அஞ்சாவது எலும்புக்கும் ஆறாவதுக்கும் நடுவுல
ஜவ்வு பிதுங்கி நரம்பை மிதிக்குது."
பின்கழுத்தில்தானே கத்தி என்றேன்.
"இல்ல, முன்னால.
உணவுக்குழாய இந்தப் பக்கம்,
பெரிய ரத்தக்குழாய அந்தப் பக்கம் ஒதுக்கிட்டு
நடுவுல போவோம்.
ஜவ்வை எடுத்துட்டு அங்க ஒரு கட்டை,
மேல ஒரு தகடு."
செயக்கொடி தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு ஒரே சந்தேகம்.
"திருகாணி எத்தனை மில்லிங்க மேடம்?"
பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.
"பதினாலு. நாலு போடுவோம்."
"நாங்க இருபத்தஞ்சு போடுவோம்."
"உங்க பலகைக்குப் பின்னால
தண்டுவடம் இல்லையே."

சம்மதப் படிவத்தில் என் கையெழுத்து
கோட்டை விட்டு இறங்கி
தேதி மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

தியேட்டரில் மல்லாத்தினார்கள்.
பச்சைத் துணி, குளிர்,
தலைக்கு மேல்
எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.
மூன்றாவது பலகை அரை நூல் இறங்கியிருந்தது.
ஏசி ஓட்டையைச் சுற்றி பட்டி வெடிப்பு.
யார் வேலை இது என்று கேட்க வாய் திறந்தேன்,
அதற்குள் மூடியை வைத்துவிட்டார்கள்.
ஒன்று முதல் எண்ணச் சொன்னார்கள்.
பலகைகளை எண்ணினேன்.
ஆறு வரை நினைவிருக்கிறது.

முழித்தபோது கரண்டு இல்லை.
குரலும் இல்லை.
நகர்த்தி வைத்ததில் கொஞ்சம் வீங்கியிருக்கிறது,
வந்துவிடும் என்றார்கள்.
மூன்று நாள் பாலில் கரைத்த இட்லி.
பக்கத்துக் கட்டில்காரர், மேலூர் பஸ் டிரைவர்,
நான் ஊமை என்று நினைத்து
தன் கடன் கணக்கு முழுவதையும்
என்னிடம் சொல்லிவிட்டார்.

மொக்கராசு போன் போட்டான்.
"ஒத்தக்கடையில பெரிய வேலைண்ணே, எப்ப வர்றீங்க?"
பதில் சொன்னேன். காற்றுதான் வந்தது.
சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டான்.
நல்லதுதான்.
டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியை
மகள் மனசுக்குள் படித்துவிட்டு
மறுபடி மடித்து வைத்ததை
நான் பார்த்திருந்தேன்.

கோரிப்பாளையம் சிக்னலில் ஆட்டோ நிற்கிறது.
பட்டையில் தாடை முட்டுக்கொடுத்திருக்க
என் பார்வை முன்சீட்டின் முதுகைத் தாண்டவில்லை.
கிளம்பும்போது செயக்கொடி போட்டுவிட்ட சட்டை.
மேல் பொத்தானை மாட்டாமல் விட்டிருக்கிறாள்,
தையலுக்கு இடைஞ்சல் என்று.
அதைக் கட்டைவிரலால் தடவுகிறேன்.
நூல் கோத்த நாலு துளை.
ஒன்று தெரிகிறது.
ரெண்டு.
மூன்றாவது, இருக்கலாம்.
நாலாவதைத் தேடிக்கொண்டிருக்கும்போது
பச்சை விழுகிறது.