எஸ்.க்யூ. உளுந்து, இருபத்து நான்கு டன்

பயின்னவுங் சந்தையில்
காலை ஒன்பது மணிக்கு ஒரு விலை பிறக்கும்.
ஒன்பதரைக்கு அது செத்து
இன்னொன்று பிறக்கும்.
மேஜையில் நான்கு கைப்பேசிகள்.
மூன்று, முதலாளி ஊ சோ திஹாவுடையவை.
நான்காவது எனக்கு:
வீட்டில் அஞ்சுகம், இங்கே மா சூ வை,
தூத்துக்குடியோடு பேசுவதற்கென்று
சம்பளம் வாங்கும் நாக்கு.

இந்த நாடு விற்பதில் பலவற்றை நான் பார்த்ததே இல்லை.
எரிவாயு குழாய்க்குள்ளேயே போய்விடுகிறது,
ஒரு பக்கம் சீனத்துக்கு, ஒரு பக்கம் தாய்லாந்துக்கு,
தாம்வேயில் நான் கரியடுப்பை ஊதிக்கொண்டிருக்கும்போதே.
பச்சைக்கல் இரவில் போகும் என்பார்கள்.
சோளம் மியாவடி வழியாக லாரியேறும்.
எதிர்வீட்டு நீலாயதாட்சி
நாளைக்கு நூற்றெண்பது சட்டைக் காலர் தைக்கிறாள்,
ஜப்பான் கழுத்துக்கும் போலந்துக் கழுத்துக்கும்.
எந்தக் கழுத்தும் இதுவரை
அவள் பக்கம் திரும்பியதில்லை.

உளுந்து மட்டும்தான்
என் உள்ளங்கை வழியாகப் போகிறது.
இங்கே அதற்கு மட்பே என்று பெயர்.
விளைவிக்கிறவர்கள் அவ்வளவாக உண்பதில்லை.
பகோ பக்கத்து வயலில்
ஆட்டுக்கல்லைப் பற்றி ஒன்றும் கேள்விப்படாமலே
கறுத்துப் பருத்து வளர்ந்துவிடுகிறது.
மாதிரியைத் தட்டில் கொட்டி எண்ணுவேன்:
எத்தனை சொத்தை, எத்தனை சுருங்கல், எத்தனை கல்.
பல்லில் வைத்தால் டக்கென்று உடைய வேண்டும்.
என் கடைவாய்ப் பல் ஒன்று
இந்த வேலையில்தான் போனது.

நேற்றிரவு தில்லியில்
யாரோ எதிலோ கையெழுத்துப் போடப் போகிறாராம்.
அறிவிப்பு வரவில்லை, வதந்தி வந்துவிட்டது.
சந்தையில் வதந்திக்கும் எடை உண்டு,
டன்னுக்குப் பன்னிரண்டு டாலர் இறங்கியது.
கீழே பையன்கள் முதுகில்
மூட்டை மட்டும் அதே ஐம்பது கிலோ.

பத்தேகாலுக்கு மின்சாரம் போயிற்று.
ஜெனரேட்டர் இருமி எழுவதற்குள்
வள்ளிநாயகம் அழைத்துவிட்டார்.
"இன்னும் இருபது கொறைங்கம்மா.
இங்க இட்லி விலையை ஏத்த முடியல."
முதலாளி எட்டு விரல் காட்டினார்.
நான் ஐந்து என்றேன்.
மொழிபெயர்ப்பில் மூன்று விரல்கள்
பேரத்துக்காக என் மடியில் கிடந்தன.
இழுத்து இழுத்து எட்டில் முடிந்தது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொன்னவர்கள்
உளுந்திட்டவரைப் பற்றி
ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

இனி பிறப்பிடச் சான்றிதழ்.
இருபத்து நான்கு டன் எங்கே முளைத்தது என்று
முத்திரை விழ ஒரே பிற்பகல்,
இரண்டு நகல், கொஞ்சம் கட்டணம்.

என் அடையாள அட்டை நீல நிறம்.
இளஞ்சிவப்புக்கு எழுதிக் கொடுத்து
இது பதினோராவது மழைக்காலம்.
எங்கள் ஆட்கள் வந்திறங்கிய கப்பலின் பெயர் வேண்டுமாம்.
உளுந்திடம் கேட்பதெல்லாம்
ஏறப்போகும் கப்பலின் பெயர்தான்.
புலம்ப நேரமில்லை,
புகையூட்டிய சான்று மூன்று மணிக்குள் போக வேண்டும்.

ஆவணங்களைப் படமெடுத்து அனுப்பியதும்
வள்ளிநாயகம் திரும்ப அழைத்தார்.
பணம் எப்போது என்பதை அவர் சொல்லவில்லை.
"தமிழ் நல்லாப் பேசுறியளே, எந்த ஊரு நீங்க?"
"ஆறாவது கட்டத்துல இருக்கு, பாருங்க."
"அது உளுந்துக்குல்லா?"
ஜெனரேட்டர் சத்தத்தில்
நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது.

மாதிரி டப்பாவில் மிஞ்சிய இரண்டு கைப்பிடி
என் பைக்குள் போகும். முதலாளிக்குத் தெரியும்,
அதை அவர் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.
நாளை விடிகாலை ஐந்து முதல் ஒன்பதுவரை
எங்கள் தெருவுக்கு மின்சார முறை.
வந்தால் அரைக்கலாம்.
இப்போதைக்கு ஊறட்டும்.