வரிசை எண்

என் திரையில் வருகிற எண்ணெல்லாம்
பூஜ்யத்தில்தான் முடியும்.
பத்துக் கிலோவுக்குக் கீழே எடைமேடை பார்க்காது.
மாம்பழ டிராக்டரோ கருங்கல் லாரியோ
இரண்டையும் ஐந்தையும் ஏற்றிக்கொண்டுதான் வரும்.
ஆகவே பர்கூர் தாண்டி இந்த ராத்திரி ஷிப்டில்
ஒரு பகா எண்ணையும் பார்க்கப்போவதில்லை
என்றிருந்தேன்.

சீட்டு எந்திரத்தைப் பழுதுபார்க்க சேலத்திலிருந்து அன்சாரி வந்தார்.
வரிசை எண் எதுவரை போகும், சும்மா கேட்டேன்.
வாயில் திருகாணியோடு சொன்னார்:
2147483647.
அதற்குமேல் பெட்டி கொள்ளாது.
நாளைக்கு இருநூறு வண்டி என்று கணக்குப் போட்டேன்.
இருபத்தொன்பதாயிரம் வருஷம். போதும்.

அவர் போனபின் வீணான சீட்டின் முதுகில்
அதைத் திரும்ப எழுதினேன்.
முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி
ஒன்றைக் கழித்தது.
கழிக்காமல் விட்டிருந்தால்
பாதி, பாதியில் பாதி என்று
ஈர மண்ணாங்கட்டியாய் உதிர்ந்திருக்கும்.
ஒன்று போனதும் இறுகிவிட்டதாம்.
இறுகியதா என்று கைபோட்டுப் பார்த்தால்தானே தெரியும்.

எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டாம்.
உள்ளே நுழையக்கூடிய பகா எண்ணுக்கு
அறுபத்திரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்ச வேண்டும்,
எட்டால் வகுத்தால் ஒன்றோ ஏழோ.
கிருஷ்ணகிரி கல்லூரியில் கடைசி வருஷம் நிரூபித்தோம்;
நிரூபணம் மறந்துபோச்சு, சலுகை மறக்கவில்லை.
311. மீதி 35.
1303. மீதி 226.
இன்னும் எண்பது சொச்சம் பேர் வாசலில்.
வண்டி வராத நேரத்தில்
ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினேன்.
மாம்பழ சீசன் தொடங்கி முடியப்போகிறது.

நேற்று விடிகாலை மூன்று மணி.
கடைசி ஆள் 45,943. மீதி 15,941.
பேனாவை மூடும்போது
திம்மராயன் லாரியை மேடையில் ஏற்றிவிட்டு எட்டிப் பார்த்தார்.
“பத்து இலக்கம். யாரு நம்பரும்மா?”
யாருடையதும் இல்லை.
நம்பாமல் தன் போனில் அடித்தார்.
நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை
என்றது ஒரு பெண்குரல், மிகுந்த மரியாதையோடு.
“எதாலயும் பிளக்காத எண்ணுங்க” என்றேன்.
“ஓட்டம் பாத்து ஆப்பு வெச்சா பிளக்காத கல்லே இல்ல.
சரியா பாத்தியா?”
பார்த்தேன்.

திரையில் அப்போதுதான் எடை நின்றது:
46,340.
சிரித்துவிட்டேன்.
இதை இதாலேயே பெருக்கினால் அன்சாரியின் பெட்டிக்குள் அடங்கும்.
ஒரு கிலோ கூட்டிப் பெருக்கினால் வழியும்.
காரணி என்று ஒன்று இருந்தால்
அதுவோ அதன் ஜோடியோ
இந்த எடைக்குள் எங்காவது அகப்பட்டிருக்க வேண்டும்.
இதற்கு அப்பால் தேட ஒன்றுமில்லை.

குவாரி ஆபீசிலிருந்து போன்.
“நாப்பத்திமூணு ஐந்நூறுன்னு போட்டுடுங்க.
மிச்சத்தைப் பிரிச்சுக்கலாம்.”
பிரிச்சுக்கலாம்.
இரண்டரை மாதமாக நான் செய்துபார்த்ததும் அதைத்தான்.
46,340 என்றே அச்சடித்தேன்.

திம்மராயன் சீட்டை வாங்கி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
“வழியில பிடிச்சா ஃபைன் எனக்குத்தான் விழும்” என்றார்,
கோபமில்லாமல்.
எனக்குப் பதில் வரவில்லை.
கல் லாரி ஹார்பருக்குக் கிளம்பி, மேடை நிமிர்ந்து,
திரை பூஜ்யத்துக்கு வர
வழக்கத்தைவிட நேரமானது போலிருந்தது.

பகல் என்ற சொல்லுக்குள்ளும் பகுப்பதுதான் இருக்கிறது.
மலைக்கும் சாலைக்கும் நடுவே
ஒரு கோடு வெளுத்தது.
ஈ மொய்க்க மாம்பழ டிராக்டர் ஏறி நின்றது.
6,270.
கேட்காமலே அவிழ்ந்தது:
இரண்டு, மூன்று, ஐந்து, பதினொன்று, பத்தொன்பது.