மூலதனம்

கேள்வி பதினேழு என்கிறாய்.
தொழில் தொடங்கிய பிறகு வீட்டில் அடி
குறைந்ததா, கூடியதா, அப்படியேவா?
மூன்று கட்டம் போட்டு வைத்திருக்கிறாய், நஃபூலா.
பேனாவைக் கொஞ்சம் மூடி வை.
வெயில் ஏறுமுன் இந்த ஒமேனா மீனைப்
புரட்டிவிட வேண்டும்.
நீயும் ஓர் ஓரம் பிடி.

முதல் வருஷம் கூடியது.
ஆமாம், கூடியது. எழுது.
கிசுமு வியாபாரி பணம் போட்டு
என் கைப்பேசி 'டிங்' என்றால் போதும்,
ஓச்சோலாவுக்குக் கண் சிவக்கும்.
யார் அனுப்பினான், எதற்கு அனுப்பினான்.
உலர்த்த விரித்த வலையைக் கத்தியால் கிழித்தான்;
நாற்பது டப்பா மீன் மணலோடு மணலானது.
கொக்குகளுக்கு அன்று கல்யாணச் சாப்பாடு.
என் இடது காது அன்றிலிருந்து
ஏரியின் இரைச்சலை மட்டும் கேட்கிறது.

அடுத்த வருஷம் சாமாவில்
பதினோரு பேர் சேர்ந்து கடன் எடுத்தோம்.
தராசு வாங்கினேன்.
ருசிங்கா படகுக்காரன் முகத்துக்கு நேரே
எடை குறைகிறது என்று சொல்லப் பழகினேன்.
அதே குரலில் வீட்டிலும் ஒரு நாள்
போதும் என்றேன்.
அதற்கும் விழுந்தது.
பணம் போய் அவன் கையைப் பிடிக்கும் என்று
உனக்கு யார் சொன்னது?

பிறகுதான் கரையில் இந்தத் தகரக் கொட்டகை.
மூட்டை வைக்க என்றுதான் வாடகைக்கு எடுத்தேன்.
நிலா இல்லாத ஒரு ராத்திரி
பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்து
மூட்டைகளுக்கு நடுவே படுத்தேன்.
கவிச்சி. எலி. அப்படியொரு தூக்கம்.
தகர ஓட்டை வழியே
ஏரி நடுவில் மீன்பிடி விளக்குகள்,
யாரோ ஓர் ஊரையே
தண்ணீரில் இறக்கி வைத்த மாதிரி.

விடியலில் வந்து கதவைத் தட்டினான்.
கரைப் பெண்கள் யாரும் ஓடிவரவில்லை.
மீன் புரட்டுவதை நிறுத்திவிட்டுச்
சும்மா பார்த்தார்கள்.
தேநீருக்குக் காசு இருக்கா என்றான்.

இப்போதும் சில நாள் கை ஓங்கும்.
பாதி வழியில் ஏதோ ஞாபகம் வந்து
தலையைச் சொறிந்துகொள்ளும்.
திருந்தினானா, தெரியாது.
நான் எங்கே போவேன் என்பது
அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.
உன் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

குறைந்தது என்றே போட்டுக்கொள்.
ஆனால் முதல் பக்கத்துக்குத் திரும்பு.
மூலதனம் என்ற இடத்தில்
வலை, தராசு, டப்பா என்றேனே,
ஒன்று விட்டுப்போச்சு.
பூட்டு. முந்நூற்றைம்பது ஷில்லிங்.
சாவி இரண்டு.
ஒன்று என் இடுப்பில்.
மற்றது போன மாதத்திலிருந்து
மிக்காலிடம் இருக்கிறது.
ஏன் என்பதை எழுதாதே.