பொருந்துவதை டிக் செய்க

ஏழாவது கேள்வி:
குடும்ப மருத்துவத்தைத் தேர்ந்தது எதனால்?
கீழே ஆறு கட்டங்கள்.
ஆய்வுக்கென்று சென்னையிலிருந்து யாரோ அனுப்பிய
ஒற்றைத் தாள்.
புதன்கிழமை, காங்கேயம் கிளை,
டோக்கன் நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவே
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் கட்டம் 'சேவை மனப்பான்மை'.
அதில் டிக் அடித்தால் வீட்டில் சிரிப்பார்கள்.
உள்ளதைச் சொன்னால்
ரேங்க் வரவில்லை.
ஸ்கேன் சென்டருக்கென்று அப்பா
தாராபுரம் ரோட்டில் இடம்கூடப் பார்த்துவைத்திருந்தார்.
கலந்தாய்வின் கடைசி இரவு,
பதினொன்றரைக்கு லாகின் செய்தபோது
திரையில் மிச்சமிருந்தது இது.

ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்தில்
பெரியப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"குடும்பம்னா... குடும்பக் கட்டுப்பாடா அம்மிணி?"
இல்லைங்க என்றேன்.
"அப்ப எம்பிபிஎஸ்லயே அதெல்லாம் பாக்கலாமில்ல?
அதுக்கெதுக்கு இன்னொரு மூணு வருசம்?"
பந்திக்கு இலை போட்டுவிட்டதால் தப்பித்தேன்.

ஷாஹிதா அக்கா தன் தாளை
கேன்டீனில் அரிசிம்பருப்புச் சாதம் ஆறுவதற்குள் முடித்துவிட்டார்.
'குறித்த வேலை நேரம்'. ஒரே டிக்.
"அஞ்சரைக்குப் பிள்ளையை டியூசன்ல விடணும்.
இதுல வெட்கப்பட என்ன இருக்கு?"
இளம்பரிதி 'வெளிநாட்டு வாய்ப்பை'
மேலும் கீழும் தேடினான், காணவில்லை.
கையால் ஒரு கட்டம் வரைந்து
அதில் டிக் அடித்தான்.

அறுவை அரங்கில் எனக்குப் பிடிக்காதது
ரத்தமல்ல.
நான்கு மணி நேரம் ஆள் தூங்குகிறார்,
ஒரு வார்த்தை பேசுவதில்லை.
எனக்கு மனிதர்கள் விழித்திருக்க வேண்டும்.
யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை,
எந்த மில்லில் போனஸ் பாக்கி,
எந்த மருமகள் மாத்திரையை
அரிசி டப்பாவில் ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறாள்,
எல்லாம் தெரிய வேண்டும்.
வம்பு என்றொரு கட்டம் இருந்திருந்தால்
யோசித்திருக்கவே மாட்டேன்.

நாச்சிமுத்து அண்ணனுக்குப் பிரஷர் நூற்றெழுபது.
மாத்திரை மாற்றினேன். உப்பைக் குறைக்கச் சொன்னேன்.
மறுமாதம் நூற்றெழுபத்தைந்து.
மூன்றாம் முறை
கைப்பட்டையை அவிழ்க்கும்போது
மின்விசிறியிடம் சொல்வதுபோலச் சொன்னார்:
"ஆயிரத்தி எரநூறு அடி ஓட்டுனமுங்.
வெறும் பொகைதானுங் வந்துது."
வட்டி எவ்வளவு என்று கேட்டேன்.
சொன்னார்.
அதையும் எழுதிவைத்தேன்,
கிரியேட்டினினுக்குப் பக்கத்தில்.

டோக்கன் நாற்பத்திரண்டு.
தேங்காய்க் களத்து ஆள், ஒடிசா,
பைத்யநாத். பேரிலேயே வைத்தியன்.
கொப்பரைக்குப் போடும் கந்தகப் புகை
நெஞ்சுக்குள் விசிலடித்தது.
என் இந்தியும் அவன் தமிழும்
பாதி வழியில் நின்றுபோகும் டவுன் பஸ்கள்.
இன்ஹேலரை எப்போது, எத்தனை முறை என்று
காட்டத் துண்டுச்சீட்டு தீர்ந்திருந்தது.
கையிலிருந்த தாளைத் திருப்பினேன்.
ஒரு சூரியன், பக்கத்தில் இரண்டு கோடு.
ஒரு நிலா, இரண்டு கோடு.
கொப்பளிக்கும் வாய் ஒன்று வரைந்தேன்,
அது தவளையாக வந்துவிட்டது.
அவன் சிரித்து, இருமி, மறுபடி சிரித்து,
நான்காக மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து போன்.
"டாக்டர், உங்க படிவம் மட்டும் இன்னும் வரலை."
நோயாளியிடம் கொடுத்துவிட்டேன் என்றேன்.
எதிர்முனையில் சத்தமில்லை.
"சரி, புதுசா ஒண்ணு அனுப்பறேன்.
ஏழாவதை மட்டும் விட்டுடாதீங்க,
ஆய்வே அதுமேலதான்."

வெளியே நாச்சிமுத்து அண்ணன்
வரச்சொல்லாத நாளில் வந்து உட்கார்ந்திருந்தார்,
பக்கத்தில் அவர் தம்பி.
ஆறு வருசமாக அந்தத் தம்பியோடு
பேச்சில்லை என்று
போன மாதம்தான் சொல்லியிருந்தார்.
இருவர் கையிலும் ஒரே கடை டீ.

என்ன நடந்தது என்று
எனக்குத் தெரிந்தாக வேண்டும்.
அனுப்புங்க என்று சொல்லிப்
போனை வைத்தேன்.