மூன்றாவது கோடு

நூறு மில்லிப் பையில் பாதி இறங்கியிருந்தது
சிவப்பு மருந்து.
ஆறாம் கட்டிலில் யாரோ வாந்தியெடுக்க
திரும்பினேன், அவ்வளவுதான்.

"எரியுதாம்மா?"
"லேசா சிஸ்டர். எறா உரிக்கச் சொல்ல
இத்தவிட எரியும்."

அமலோற்பவத்தின் புறங்கையில்
அரை எலுமிச்சை உயரத்துக்கு வீக்கம்.

நிறுத்து. ஊசியைப் பிடுங்காதே.
காலி சிரிஞ்சைப் பொருத்தி இழு.
வந்தது ரோஸ் நிறத்தில் மூன்று சொட்டு.
மற்றதெல்லாம் தோலுக்கடியில்,
கூப்பிட்டால் திரும்பி வராத இடத்தில்.
தேய்க்கக் கூடாது. சலைன் விட்டு அலசக் கூடாது.
சிவந்த இடத்தைச் சுற்றி
நீலப் பேனாவால் ஒரு கோடு. போனில் ஒரு படம்.

துணி சுற்றி ஐஸ் வைத்தேன். சிரித்தாள்.
"காசிமேட்டுல பொட்டி பொட்டியா ஒடச்ச கைம்மா,
இதுக்குப் போயி துணியா?"

முறிவு மருந்து ஸ்டாக்கில் இல்லை.
பார்மசி கதிரேசன்
பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலை
இரண்டு முறை கடந்து கொண்டுவந்தபோது மணி மூன்றே கால்.
ஆறு மணி நேரம் கெடு; இரண்டு மணி நேரம் மிச்சம்.
ஐஸை எடுத்துக் கால்மணி காத்திருந்து
இன்னொரு கையில் ஏற்றினேன்.
அந்தக் கையை அவள் பார்க்கவே இல்லை,
நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

படிவத்தில் ஒரு கட்டம்: 'கவனித்தவர்'.
அடுத்தது: 'கவனிக்கத் தவறியவர்'.
இரண்டிலும் ஒரே பெயர்.

மூன்றாம் நாள் கடைசி ஊசிக்கு வந்தாள்.
கையில் நீலக் கோடு இல்லை,
கறுப்பாக, தடியாக ஒன்று:
மீன் பெட்டியில் எடை எழுதும் மார்க்கர்.
"குளிக்கச் சொல்ல அழிஞ்சிட்சு.
அதே எடத்துல நானே போட்டுகினேன்.
பாரு, கோட்ட தாண்டவேயில்ல."

தாண்டவில்லைதான்.
போனில் இருந்த படத்தைப் பக்கத்தில் வைத்தேன்.
கறுப்புக் கோடு ஒரு விரற்கடை வெளியே ஓடியது.

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
கீழே ஆம்புலன்ஸுக்கு வழிவிடாத ஆட்டோக்காரனை
யாரோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.
"உனக்கு மெமோ குடுப்பாங்களாமே," என்றாள்,
"பக்கத்துக் கட்டில்ல சொன்னாங்க."

கத்தி பிடிக்கும் கை அது.
கட்டைவிரலை மடக்கச் சொன்னேன். மடங்கியது, பாதி.

நீலப் பேனாவை எடுத்து
சிவப்பின் உண்மையான ஓரத்தில்
மூன்றாவது கோட்டைப் போட்டு
பக்கத்தில் 10.40 என்று எழுதினேன்.
பிளாஸ்டிக் சர்ஜரிக்கு எண்ணை அழுத்தும்போது
என் முந்தானையைப் பிடித்தாள்,
வீங்கிய கையாலேயே.

"மார்க்கர் சமாச்சாரத்த மட்டும்
சொல்லாத."

மணி போய்க்கொண்டிருந்தது அந்தப் பக்கம்.